உலகின் மிகச் சிறிய நாடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உலக வரைபடத்தில் இந்த நாடுகளைத் தேடினால் பெயர் மட்டும்தான் கண்ணில் படும். நிலம் அந்தப் பெயரின் ஓர் எழுத்துக்குள் மறைந்திருக்கும். வினாடி வினாக்களில் ஒரு வரி விடையோடு கடந்துபோகும் நாடுகள் இவை. பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், யாராவது கேட்டால் நன்றாக இருக்குமே என்று நான் நினைக்கும் சிலவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். பரப்பளவை ஒப்பிடுவதைவிட, கைப்பிடி நிலத்தை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை அதிகம். அதனால் சில பதில்கள் ஒரு பத்தியில் முடியும், சில நீளும்.

உலகிலேயே மிகச் சிறிய நாடு எது?

வாட்டிகன் நகரம். பரப்பளவு 0.44 சதுர கிலோமீட்டர், அதாவது 44 ஹெக்டேர். ஏக்கரில் சொன்னால் 109க்குப் பக்கம். இத்தாலியின் தலைநகரான ரோமுக்குள்ளேயே இருக்கிறது. எல்லையின் மொத்த நீளம் சுமார் மூன்றேகால் கிலோமீட்டர்தான். மக்கள்தொகையிலும் கடைசி இடம் இதற்குத்தான்: ஆயிரம் பேருக்கும் குறைவு.

அதற்கு அடுத்த இடங்களில் எவை வருகின்றன?

இரண்டாவது மொனாக்கோ, சுமார் 2 சதுர கிலோமீட்டர். பிறகு பசிபிக் பெருங்கடலில் நவூரு (21), துவாலு (26). ஐந்தாவது இத்தாலி சூழ்ந்த சான் மரீனோ (61). ஆறாவது சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் இருக்கும் லீக்கின்ஸ்டைன் (160). அதன்பின் மார்ஷல் தீவுகள் (181), கரீபியனின் செயின்ட் கிட்ஸ் நெவிஸ் (261), மாலத்தீவு (சுமார் 300), மால்டா (316).

இந்தப் பத்தில் ஐந்து ஐரோப்பாவிலும் மூன்று பசிபிக்கிலும் இருப்பதைக் கவனியுங்கள். ஐரோப்பியச் சிறு நாடுகள், பழைய அரச குடும்பங்களும் திருச்சபையும் விட்டுப்போன மிச்சங்கள். பெரிய நாடுகள் உருவானபோது விழுங்கப்படாமல் தப்பியவை. பசிபிக் நாடுகளின் கதை வேறு. அங்கே கடல்தான் எல்லை போட்டது, காலனி ஆட்சி முடிந்தபோது அந்தத் தீவுகள் நாடுகளாயின. இரண்டையும் ஒரே பட்டியலில் வைத்தாலும் அவற்றின் கவலைகள் ஒன்றல்ல.

ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு எண் போட்டிருக்கிறார்களே, ஏன்?

பெரிய நாடுகளின் அளவில் யாரும் கவனிக்காத வேறுபாடு இங்கே பளிச்சென்று தெரிவதுதான் காரணம். பவளத்தீவுகளின் கரை அலையோடு நகர்ந்துகொண்டே இருக்கும். கடல் உள்வாங்கும்போது அளந்தால் ஓர் எண், ஏறும்போது அளந்தால் வேறொன்று. மொனாக்கோ கடலைத் தூர்த்து நிலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. பழைய புத்தகங்களில் 1.95 என்றும், பிறகு 2.02 என்றும், இப்போது 2.08 என்றும் பார்ப்பீர்கள். அச்சான காலத்தில் மூன்றுமே சரி.

ஓர் இடம் நாடா இல்லையா என்று யார் முடிவு செய்கிறார்கள்?

ஒரே அதிகாரி கிடையாது. 1933இல் கையெழுத்தான மாண்டிவிடியோ உடன்படிக்கை நான்கு தகுதிகளைச் சொல்கிறது: நிலையான மக்கள், வரையறுத்த நிலப்பரப்பு, அரசாங்கம், பிற நாடுகளோடு உறவு வைத்துக்கொள்ளும் திறன். நடைமுறையில், மற்ற நாடுகள் ஏற்றுக்கொள்கின்றனவா என்பதே கனமான கேள்வி. ஐ.நா.வில் 193 உறுப்பு நாடுகள் உள்ளன. அவை தவிரத் திருப்பீடமும் (வாட்டிகனில் உள்ள போப்பின் ஆட்சிப்பீடம்) பாலஸ்தீனமும் உறுப்பினர் அல்லாத பார்வையாளர் நாடுகள். அதனால் உலகின் மிகச் சிறிய நாடு ஐ.நா. உறுப்பினரே அல்ல! இது பலருக்கும் வியப்பாக இருக்கும்.

விளிம்பில் நிற்பவையும் உண்டு. பசிபிக்கில் உள்ள நியுவே, குக் தீவுகள் இரண்டும் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்டு நியூசிலாந்தோடு தன்விருப்பக் கூட்டுறவில் இருக்கின்றன, அந்த மக்கள் நியூசிலாந்துக் குடிமக்கள். ஆனாலும் பல நாடுகள் இவற்றைத் தனி நாடுகளாக ஏற்கின்றன. அமெரிக்கா 2023இல் ஏற்றது. இவற்றைச் சேர்த்தால் மேலே உள்ள வரிசையே மாறும். இந்தப் பக்கத்தில் ஐ.நா. உறுப்பு நாடுகளையும் வாட்டிகனையும் மட்டுமே கணக்கில் எடுத்திருக்கிறேன்.

ஜிப்ரால்டர்? சீலாந்து?

இரண்டும் நாடுகள் அல்ல. ஜிப்ரால்டர் பிரிட்டனின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதி. சீலாந்து என்பது இரண்டாம் உலகப் போரின்போது இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் கடலில் கட்டிய ஒரு பாதுகாப்பு மேடை. 1967இல் ராய் பேட்ஸ் என்பவர் அதைக் கைப்பற்றித் தனி நாடு என்று அறிவித்தார். இன்றுவரை எந்த நாடும் அதை ஏற்கவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்று இருக்கிறது. மால்டா வீரத்துறவியர் என்ற பழைய கத்தோலிக்க அமைப்புக்குச் சொந்த நிலப்பரப்பே கிடையாது, ரோமில் சில கட்டடங்கள்தான். ஆனால் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளோடு தூதரக உறவு வைத்திருக்கிறது, ஐ.நா.வில் பார்வையாளராகவும் அமர்கிறது. நிலம் இருந்தும் நாடாகாதது ஒன்று, நிலமே இல்லாமல் இறையாண்மையோடு நடத்தப்படுவது இன்னொன்று.

ஒரு நகரத்துக்குள் இருக்கும் வாட்டிகன் எப்படி நாடானது?

இன்று இவ்வளவு சிறிதாக இருப்பது ஒரு பெரிய அரசின் கடைசித் துண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடு இத்தாலியின் பெரும் பகுதியைப் போப்புகள் ஆண்டார்கள். இத்தாலி ஒரே நாடாக இணைந்தபோது அந்த நிலங்கள் ஒவ்வொன்றாகப் போயின. 1870இல் இத்தாலியப் படை ரோமுக்குள் நுழைந்தது. அதை ஏற்க மறுத்த போப் ஒன்பதாம் பயஸ் வாட்டிகன் மாளிகைக்குள்ளேயே தங்கிவிட்டார்; தன்னைக் கைதி என்றே சொல்லிக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே வெளியேறாமல் இருந்தார்கள். 59 ஆண்டுகள் இந்த இழுபறி நீடித்தது.

1929 பிப்ரவரி 11 அன்று லாத்தரன் மாளிகையில் இத்தாலியப் பிரதமர் முசோலினியும் போப்பின் சார்பில் கர்தினால் கஸ்பாரியும் கையெழுத்திட்டார்கள். இழந்த நிலத்துக்கு இழப்பீடாக 75 கோடி லீரா ரொக்கமும் 100 கோடி லீராவுக்குப் பத்திரங்களும் தர இத்தாலி ஒப்புக்கொண்டது. எந்த அரசின் குடிமகனாகவும் இல்லாமல் போப் செயல்பட அவருக்கென்று ஓர் இடம் தேவை, அந்த இடம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் போதும் என்பதே அந்த உடன்படிக்கையின் உயிர்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. தூதர்களை அனுப்புவதும் உலக நாடுகளோடு ஒப்பந்தம் போடுவதும் பெரும்பாலும் ‘வாட்டிகன் நகர அரசு’ அல்ல, ‘திருப்பீடம்’. அதாவது போப்பின் ஆட்சிப்பீடம். நிலம் கையைவிட்டுப் போயிருந்த அந்த 59 ஆண்டுகளிலும் திருப்பீடம் தூதர்களை அனுப்பிக்கொண்டும் வரவேற்றுக்கொண்டும் இருந்தது.

வாட்டிகனில் பிறந்தால் குடியுரிமை கிடைக்குமா?

கிடைக்காது. அங்கே குடியுரிமை பிறப்பாலோ வம்சத்தாலோ வருவதல்ல, வகிக்கும் பதவியால் வருவது. கர்தினால்கள், திருப்பீடத்தின் தூதர்கள், 1506இல் தொடங்கிய சுவிஸ் காவல் படையின் வீரர்கள் போன்றோர் பணியில் இருக்கும்வரை குடிமக்கள். அவர்களோடு வாழும் குடும்பத்தாருக்கும் கிடைக்கும். பணி முடிந்தால் குடியுரிமையும் போகும். அப்படி இழப்பவருக்கு வேறு நாட்டுக் குடியுரிமை இல்லையென்றால், நாடற்றவராகத் தவிக்காதபடி இத்தாலி தன் குடிமகனாக ஏற்றுக்கொள்ளும் என்று லாத்தரன் உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். குடிமக்களில் கணிசமானோர் தூதர்களாக வெளிநாடுகளில் இருப்பதால், ஊரில் இருப்பவர்களின் எண்ணிக்கை இன்னும் குறையும்.

மொனாக்கோவை ஏன் பிரான்ஸ் இணைத்துக்கொள்ளவில்லை?

பெரும்பகுதியை இணைத்துக்கொண்டது. 1848இல் மாந்தோன், ரொக்புருன் ஆகிய ஊர்கள் வரிச்சுமை தாங்காமல் மொனாக்கோவிலிருந்து பிரிந்தன. 1861இல் 40 லட்சம் பிராங்க் பெற்றுக்கொண்டு அவற்றின் மீதான உரிமையை மொனாக்கோ பிரான்ஸுக்கு விட்டுக்கொடுத்தது. நாட்டின் நிலத்தில் சுமார் 95 சதவீதம் அதோடு போயிற்று. பதிலுக்கு மிஞ்சிய பாறை முனையின் தனியாட்சியைப் பிரான்ஸ் ஏற்றுக்கொண்டது.

எலுமிச்சையும் ஒலிவமும் விளைந்த நிலம் போனபின் வருமானத்துக்கு வழி தேட வேண்டியிருந்தது. 1860களில் மான்டே கார்லோ சூதாட்ட மாளிகை எழுந்தது. அதன் வருமானம் பெருகியதும் 1869இல் நேரடி வரிகளை நீக்கினார் இளவரசர் மூன்றாம் சார்லஸ். மொனாக்கோ குடிமக்கள் அந்த மாளிகையில் சூதாடக் கூடாது என்பது இன்றும் உள்ள விதி. கிரிமால்டி குடும்பத்தின் முன்னோர் ஒருவர் 1297இல் துறவி வேடத்தில் கோட்டைக்குள் நுழைந்து அதைப் பிடித்ததாகச் சொல்லப்படுகிறது. அரச சின்னத்தில் வாளேந்திய துறவிகள் நிற்பது அதனால்தான்.

அங்கே யாருக்குமே வருமான வரி இல்லையா?

பிரெஞ்சுக் குடிமக்களுக்கு உண்டு. வரிக்காகப் பணக்காரர்கள் அங்கே போய்க் குடியேறுவதைப் பார்த்த பிரான்ஸ் 1962இல் எல்லையில் சுங்கச் சோதனையே தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு போட்ட ஒப்பந்தப்படி, மொனாக்கோவுக்குக் குடிபோகும் பிரெஞ்சுக்காரர்கள் பிரான்ஸுக்கு வரி கட்ட வேண்டும். சுமார் 38,000 பேர் வாழும் நாட்டில் மொனாக்கோ குடியுரிமை உள்ளவர்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். சொந்த நாட்டிலேயே சிறுபான்மை. உலகில் மக்கள் மிக நெருக்கமாக வாழும் நாடும் இதுவே. ஒரு சதுர கிலோமீட்டருக்கு 18,000 பேருக்கும் மேல். 2024 டிசம்பரில் திறந்துவைத்த மாரேத்தெர்ரா என்ற புதிய குடியிருப்புப் பகுதியின் 6 ஹெக்டேர் நிலமும் கடலைத் தூர்த்து எடுத்ததுதான்.

நவூரு ஒரு காலத்தில் பணக்கார நாடாம், உண்மையா?

உண்மை. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே முக்கியமாக நவூருவுக்காகத்தான்.

21 சதுர கிலோமீட்டர் தீவு. கரையோரமாக ஒரு பச்சை வளையம், நடுவில் மேடான நிலம். அந்த மேடு முழுக்க உயர்ந்த தரப் பாஸ்பேட் இருப்பது 1900 வாக்கில் தெரியவந்தது. பாஸ்பேட் என்றால் பயிருக்கு உரம். தீவு அப்போது ஜெர்மனியின் கையில் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் மூன்றும் சேர்ந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டன. ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களில் நவூருவின் மண் பல பத்தாண்டுகள் உரமாக விழுந்தது. நிலத்துக்கு உரியவர்களுக்குக் கிடைத்ததோ சொற்பத் தொகை.

1920களில் தொற்றுநோயால் மக்கள்தொகை குறைந்து, இனமே அழிந்துவிடுமோ என்ற அச்சம் வந்தது. ஓர் இனம் நீடித்திருக்க 1,500 பேராவது வேண்டும் என்று கணக்கிட்டார்கள். 1932 அக்டோபர் 26 அன்று 1,500ஆவது ஆள் பிறந்தபோது தீவே கொண்டாடியது. அந்த நாளுக்கு ‘அங்காம்’ என்று பெயர், வீடு திரும்புதல் என்று பொருள். பத்தாண்டுகள் கழித்து ஜப்பான் தீவைப் பிடித்தது. சுமார் 1,200 நவூருவரைக் கப்பலேற்றி ட்ரூக் தீவுகளுக்கு வேலைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பி வந்தவர்கள் 737 பேர். அவர்கள் கரை சேர்ந்த நாள் 1946 ஜனவரி 31. 22 ஆண்டுகள் கழித்து, 1968இல், விடுதலைக்கு நவூரு தேர்ந்தெடுத்ததும் அதே ஜனவரி 31ஐத்தான். எண்ணிக்கை மறுபடி 1,500ஐத் தொட்டது 1949இல். அங்காம் இரண்டாவது முறை வந்தது. இந்தத் தேதிகளைத் தெரிந்துகொண்ட பிறகு நவூருவை வெறும் ‘மூன்றாவது சிறிய நாடு’ என்று என்னால் சொல்ல முடியவில்லை.

விடுதலைக்கு முன் இன்னொன்றும் நடந்தது. பாஸ்பேட் தீர்ந்தபின் தீவில் வாழ முடியாது என்பதால் எல்லோரையும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக் கரையில் உள்ள கர்ட்டிஸ் தீவில் குடியேற்றலாம் என்று ஆஸ்திரேலியா முன்வந்தது. தனி அரசாக இருக்க முடியாது, ஆஸ்திரேலியர்களோடு கலந்துவிட வேண்டியதுதான் என்று தெரிந்ததும் 1964இல் நவூருவர் மறுத்துவிட்டார்கள். அந்தப் பேச்சில் அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஹாமர் டிரோபர்ட் பிறகு முதல் குடியரசுத் தலைவரானார்.

பிறகு அந்தப் பணம் எங்கே போயிற்று?

சுரங்கத்தைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டபின் 1970களில் தலைக்கு வருமானத்தில் உலகின் முன்வரிசைக்கு வந்தது நவூரு. வரி இல்லை, மருத்துவமும் கல்வியும் இலவசம். எதிர்காலத்துக்கென்று ஒரு நிதியம் தொடங்கி, மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் உட்பட வெளிநாடுகளில் சொத்து வாங்கினார்கள். நோக்கம் நல்லதுதான். நிர்வாகம் கைகொடுக்கவில்லை. தவறான முதலீடுகள், கணக்கில்லாச் செலவு, தீவின் அளவுக்கு மீறிய விமான நிறுவனம், ஏமாற்றிய ஆலோசகர்கள், கடைசியில் கடன். 2004இல் மெல்போர்ன் கட்டடமும் கைமாறியது.

நிலத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு தோண்டியாகிவிட்டது. பாஸ்பேட்டைச் சுரண்டி எடுத்த இடங்களில் கூரான சுண்ணாம்புப் பாறைகள் பல் போல நிற்கின்றன. உழவும் முடியாது, வீடு கட்டவும் முடியாது. 1989இல் நவூரு சர்வதேச நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியா மீது வழக்குத் தொடுத்தது: விடுதலைக்கு முன் தோண்டிய நிலத்தைச் சீர்செய்யும் பொறுப்பு அன்றைய நிர்வாகத்துடையது என்று. 1993இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது, ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. 2001 முதல் ஆஸ்திரேலியாவுக்குப் புகலிடம் தேடி வருவோரை அடைத்துவைக்கும் முகாம் நவூருவில் இடையிடையே இயங்கி வருகிறது. அரசின் வருமானத்தில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு.

நவூருவரின் ஊதாரித்தனத்தைச் சுட்டிக்காட்டி நீதிக்கதை சொல்வது எளிது. விடுதலைக்கு முன் 60 ஆண்டுகள் அந்த மண்ணை அள்ளியவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதிக் கதைதான்.

நவூருவின் தலைநகரம் எது?

அதிகாரபூர்வத் தலைநகரம் கிடையாது. நாடாளுமன்றமும் அரசு அலுவலகங்களும் யாரென் மாவட்டத்தில் இருப்பதால் பலரும் அதையே குறிப்பிடுகிறார்கள்.

துவாலு கடலில் மூழ்கிக்கொண்டிருக்கிறதா?

இதற்கு ‘ஆம்’ என்ற ஒரு சொல்லில் பதில் சொன்னால் தவறாகிவிடும். துவாலு ஒன்பது தீவுகள் சேர்ந்த நாடு; சுமார் 11,000 பேர் வாழ்கிறார்கள். ‘எட்டும் ஒன்றாய் நிற்பது’ என்பது பெயரின் பொருள், ஏனென்றால் ஒன்பதாவது தீவில் அந்நாளில் நிரந்தரக் குடிகள் இல்லை. மிக உயரமான இடமே கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டரைத் தொடாது.

1971 முதல் 2014 வரையிலான வான்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், துவாலுவின் மொத்த நிலப்பரப்பு 2.9 சதவீதம் கூடியிருப்பது தெரிந்தது. அலைகள் பவளத் துண்டுகளையும் மணலையும் கரையில் கொண்டுவந்து சேர்க்கின்றன. தீவுகள் இடம் மாறுகின்றன, வளரவும் செய்கின்றன. சில தீவுகள் தேய்ந்தும் இருக்கின்றன.

அப்படியானால் கவலை வேண்டாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். நிலம் தண்ணீருக்கு மேலே தெரிவது வேறு, அதில் மனிதர் வாழ முடிவது வேறு. பவளத் தரை சல்லடை மாதிரி. கடல் வழக்கத்தைவிட உயர்ந்து ஏறும் பெருவேலி ஏற்றத்தின்போது கடல்நீர் கரையைத் தாண்டி வருவதோடு நிற்காமல், தீவின் நடுவில் தரைக்குள்ளிருந்தே ஊறி மேலே வருகிறது. அங்கே ‘புலாகா’ என்ற கிழங்கை, நன்னீர் ஊறும் ஆழத்துக்குக் குழி தோண்டி நடுவார்கள். அந்தக் குழிகளில் உப்பு ஏறினால் பயிர் போயிற்று. குடிநீருக்கு மழையைத்தான் நம்பியிருக்கிறார்கள். மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வாழும் புனாபுட்டி பவளத்தீவில், ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் காயல், நடுவில் சாலையின் அகலத்தைவிடச் சற்றே கூடுதலான நிலம் என்று சில இடங்கள் இருக்கின்றன.

அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. புனாபுட்டியில் காயலிலிருந்து மணலை எடுத்துச் சுமார் 7 ஹெக்டேர் நிலத்தை உயர்த்தி உருவாக்கியிருக்கிறார்கள். 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு பலெபிலி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி ஆண்டுக்கு 280 துவாலுவர் ஆஸ்திரேலியாவில் குடியேறலாம். 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்கு நாட்டின் பாதிக்கும் மேற்பட்டோர் பதிவுசெய்தார்கள். படிப்புக்கும் வேலைக்கும் ஒரு கதவு திறந்தால் யாரும் பெயர் கொடுக்கத்தான் செய்வார்கள். போனவர் விரும்பியபோது திரும்பி வரவும் முடியும். ஆகவே இந்த எண்ணை ‘ஊரைவிட்டு ஓடுகிறார்கள்’ என்று வாசிப்பது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

நிலமே போய்விட்டால் நாடு என்று சொல்ல முடியுமா?

சட்ட உலகம் இன்று உண்மையாகவே விவாதிக்கும் கேள்வி இது. மாண்டிவிடியோ உடன்படிக்கை ஒரு நாடு பிறக்கத் தேவையானவற்றைத்தான் சொல்கிறது, இறப்பதைப் பற்றிப் பேசவில்லை. 2023இல் துவாலு தன் அரசியலமைப்பைத் திருத்தி, நிலத்துக்கு என்ன நேர்ந்தாலும் தன் நாட்டுத்தன்மை என்றென்றும் தொடரும் என்று எழுதிக்கொண்டது. பலெபிலி ஒப்பந்தத்தில் ஆஸ்திரேலியாவும் அதை ஏற்றுக் கையெழுத்திட்டிருக்கிறது. 2025 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் காலநிலை மாற்றம் குறித்துத் தந்த ஆலோசனைக் கருத்தில், ஒரு நாடு நிலைபெற்றபின் அதன் கூறுகளில் ஒன்று மறைந்தால் நாட்டுத்தன்மையும் போய்விட வேண்டும் என்பதில்லை என்று சொன்னது.

இதில் கடலும் அடங்கியிருக்கிறது. துவாலுவின் நிலம் 26 சதுர கிலோமீட்டர். மீன்பிடி உரிமையுள்ள கடல் 7 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். அந்த மீன்வளத்துக்கு வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டும் உரிமக் கட்டணம் அரசின் பெரிய வருமானம். நாடு இல்லையென்றால் அந்தக் கடல் யாருடையது?

‘டாட் டிவி’ இணைய முகவரியால் துவாலு பணக்கார நாடாகிவிட்டதா?

பணக்காரராக்கும் அளவுக்கு இல்லை, ஆனால் உதவியது. நாட்டுப் பெயரிலிருந்து தற்செயலாக அமைந்த இரண்டு எழுத்துகளைத் தொலைக்காட்சி நிறுவனங்களும் காணொளித் தளங்களும் விரும்பி வாங்குகின்றன. 2000ஆம் ஆண்டு ஐ.நா.வில் சேர ஆன செலவுக்கு இந்தப் பணம் கைகொடுத்தது.

சான் மரீனோ எப்படி இத்தாலியோடு சேராமல் தப்பியது?

ஆசைப்படாததால் என்று சொல்லத் தோன்றுகிறது. 1797இல் நெப்போலியன் இந்த மலைக் குடியரசுக்குக் கூடுதல் நிலம் தர முன்வந்தபோது, உள்ள எல்லை போதும் என்று நன்றி சொல்லி மறுத்தார்கள். வாங்கியிருந்தால் அவர் வீழ்ந்தபின் திருப்பிக் கேட்க அண்டை அரசுகள் வந்திருக்கும். இத்தாலியை ஒரே நாடாக்கப் போராடி, 1849இல் தோற்று ஓடிவந்த கரிபால்டிக்கும் அவர் வீரர்களுக்கும் அடைக்கலம் கொடுத்தார்கள். இத்தாலி இணைந்தபோது அந்த நன்றி மறக்கப்படவில்லை. 1862இல் நட்பு ஒப்பந்தம் ஆனது.

கல்தச்சர் மரினுஸ் கி.பி. 301இல் நிறுவினார் என்பது மரபு. நாட்டுத் தலைவர்கள் ஒருவரல்ல, இருவர்: ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் 1இலும் அக்டோபர் 1இலும் பதவியேற்பார்கள். இந்த வழக்கம் 1243இலிருந்து வருகிறது. பதவி முடிந்ததும் அவர்கள் நடந்துகொண்ட விதம் பற்றிக் குடிமக்கள் புகார் கொடுக்கலாம். என்னை மிகவும் தொட்டது வேறொன்று. இரண்டாம் உலகப் போரில், சுமார் 15,000 பேர் இருந்த இந்த நாடு ஏறக்குறைய ஒரு லட்சம் அகதிகளுக்கு இடம் கொடுத்தது. ரயில் சுரங்கப் பாதைகளுக்குள் குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள்.

லீக்கின்ஸ்டைனுக்குப் படை இல்லையா?

1868இல் கலைத்துவிட்டார்கள், செலவு கட்டுப்படியாகவில்லை. பதவிக்காக உருவான நாடு இது. லீக்கின்ஸ்டைன் குடும்பம் 1699இலும் 1712இலும் இரண்டு நிலப்பகுதிகளை விலைக்கு வாங்கியது, ரோமப் புனிதப் பேரரசின் மன்றத்தில் இடம் பெறுவதற்காக. 1719இல் அவை இணைந்து நாடாயின. ஆட்சியில் இருந்த இளவரசர் எவரும் 1842 வரை நேரில் வந்து பார்க்கவில்லை. பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1984இல்தான். இவ்வளவு வளமான நாட்டில் இவ்வளவு தாமதம் என்பது வருத்தமான உண்மை.

இவர்களின் பணம் என்ன?

வாட்டிகன், மொனாக்கோ, சான் மரீனோ மூன்றும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஒப்பந்தத்தின்படி யூரோ பயன்படுத்துகின்றன, சொந்த முத்திரையோடு நாணயமும் வெளியிடுகின்றன. லீக்கின்ஸ்டைனில் சுவிஸ் பிராங்க், நவூருவிலும் துவாலுவிலும் ஆஸ்திரேலிய டாலர், மார்ஷல் தீவுகளில் அமெரிக்க டாலர்.

உலக அரங்கில் இவர்கள் பேச்சு எடுபடுமா?

ஐ.நா. பொதுச்சபையில் நவூருவுக்கும் ஒரு வாக்கு, சீனாவுக்கும் ஒரு வாக்கு. அதைவிடப் பெரிய சான்று மால்டா. 1967 நவம்பர் 1 அன்று அதன் தூதர் அர்விட் பார்டோ ஐ.நா.வில் எழுந்து, ஆழ்கடல் அடித்தளம் எந்த ஒரு நாட்டுக்கும் உரியதாகக் கூடாது, மனிதகுலம் முழுவதன் பொதுச்சொத்தாக வேண்டும் என்று வாதிட்டார். மால்டா விடுதலை பெற்று அப்போது மூன்றே ஆண்டுகள். அங்கிருந்து தொடங்கிய பேச்சுவார்த்தைகள் 1982இல் ஐ.நா. கடற்சட்ட உடன்படிக்கையில் முடிந்தன. ‘பொதுச்சொத்து’ என்ற கருத்து அதில் இடம்பெற்றது.

வாட்டிகனைவிடச் சிறிய நாடு உருவாக வாய்ப்பு உண்டா?

ஏற்கெனவே பேச்சு இருக்கிறது. 2024 செப்டம்பரில் அல்பேனியப் பிரதமர் எடி ராமா, பெக்தாஷி என்ற சூஃபி மரபினருக்குத் தலைநகர் திரானாவில் தனி அரசு அமைத்துத் தரும் திட்டத்தை அறிவித்தார். அவர்களின் தலைமையகம் இருக்கும் வளாகம்தான் அந்த நிலம்: சுமார் 11 ஹெக்டேர், வாட்டிகனில் கால் பங்கு. அறிவிப்பு மட்டும் போதாது. அல்பேனிய நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும், மற்ற நாடுகள் ஏற்க வேண்டும்.

வாக்குகள் குறைந்தால் பிரிவினை நின்றுவிடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. செயின்ட் கிட்ஸிலிருந்து பிரிய 1998இல் நெவிஸ் தீவு வாக்கெடுப்பு நடத்தியது. ஏறக்குறைய 62 சதவீதம் பேர் பிரியலாம் என்றார்கள், சட்டம் கேட்டதோ மூன்றில் இரண்டு பங்கு. நெவிஸ் பிரியவில்லை. திரானா வளாகம் ஒருநாள் நாடானால் இந்தப் பக்கத்தின் முதல் கேள்விக்கான பதிலைத் திருத்தி எழுத வேண்டும்.